பன்னிரண்டு பனியனும் ஒரு ரசமட்டமும்

மருதாசலம் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தன் கண் சரியாகத் தெரியவில்லை என்கிற சமாச்சாரம் தன் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

நெய்வேலிக்கு அவர் வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. சுரங்கத்திலிருந்து கரியைச் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடுகிறதே ரப்பர் பெல்ட், அதன் இரண்டு முனைகளையும் சேர்த்துவைத்து, சூடான பிரஸ்ஸில் அமுக்கி, ஒட்டி எடுக்கிற வேலை. சூட்டுக்கு மீட்டர் இருக்கிறது. அமுக்குவதற்கு மெஷின் இருக்கிறது. இரண்டு முனையும் ஒரே நேர்கோட்டில் சேர்கின்றனவா என்று பார்ப்பதற்கு மட்டும் மருதாசலம் இருந்தார். ஒட்டு அரை விரல் கோணினால் போதும், பெல்ட் ஓடும்போது ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒதுங்கினால் ஓரம் கிழியும். கிழிந்த பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஆள் நின்றால் என்ன ஆகும் என்பதை அவர் புதிதாக வருகிற பையன்களுக்கு விவரமாகச் சொல்வார். அன்றைக்கு அவர்கள் கேன்டீன் பக்கம் போக மாட்டார்கள்.

மருதாசலம் போட்ட ஒட்டு ஒதுங்கியதாகச் சரித்திரம் கிடையாது. சாக்பீஸ் தூள் பூசின நூலை இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவார். பெல்ட்டின் மேல் வெள்ளையாக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பற்றி இன்ஜினியர்களே மரியாதையாகப் பேசுவார்கள்.

அந்தக் கோடுதான் இப்போது அவருக்குத் தெரிவதில்லை.

இடது கண்ணில் கஞ்சித் தண்ணி ஊற்றின மாதிரி ஒரு வெள்ளை. ஒரு வருஷமாகிறது. வலது கண்ணும் நான் மட்டும் என்ன இளப்பமா என்று ஆறு மாதமாக அதே வழியில் கிளம்பியிருந்தது. ஆள் வருவது தெரியும், யார் என்பது குரல் கொடுத்த பிறகுதான் தெரியும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்து தெரியும், கொஞ்சம் தள்ளினால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன என்று கேட்பீர்கள். போனால் எழுதிவிடுவார்கள். மெடிக்கல் அன்ஃபிட். அப்புறம் கேன்டீனில் டோக்கன் கிழிக்கிற வேலை, அதுவும் தடவித் தடவி. அது ஒரு பயம். இன்னொரு பயம் அதைவிடப் பழையது. அவிநாசிப் பக்கத்தில் அவருடைய அப்பா கடைசி எட்டு வருஷம் கண் தெரியாமல் இருந்தார். வாசற்படியிலிருந்து கிணறு வரைக்கும் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போவார், அதைப் பிடித்துக்கொண்டு திரும்புவார். கட்டியது மருதாசலம்தான். ஒருநாள் யாரோ கன்றுக்குட்டியைக் கட்டுவதற்கு அந்தக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு சாயந்திரம் வரைக்கும் நின்றார். யாரையும் கூப்பிடவில்லை. மருதாசலத்துக்கு அந்த நீட்டின கை இன்றைக்கும் நன்றாகத் தெரிகிறது. தெரியக் கூடாததெல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது.

அவருடைய ரகசியம் இன்னொரு ஆளுக்கும் தெரிந்திருந்தது. சாமிக்கண்ணு, பதினோரு வருஷமாக நூலின் மறுமுனையைப் பிடித்தவன். மருதாசலம் நூலை வைத்ததும் அவன் கனைப்பான். "ஒரு நூலளவு நம்ம பக்கமா தள்ளிக்கலாமாண்ணே?" என்பான். தள்ளிக்கொள்வார். கோடு நேராக விழும். கண்ணைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. அப்படியே ஓட்டியிருப்பார்கள். ஆடி மாதம் சாமிக்கண்ணுவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினெட்டாம் பெருக்குக்கு அவன் இல்லை. சாவு வீட்டில் எல்லோரையும்விட அதிகமாக அழுதவர் மருதாசலம். அதில் பாதி தனக்காக அழுத அழுகை என்று அவருக்கே தெரியும், அதற்காகவும் கொஞ்சம் அழுதார்.

அதற்குப் பிறகு போட்ட முதல் ஒட்டில், பிரஸ்ஸை மூடுகிற நேரத்தில், மூன்று விரல் கோணியிருப்பதைக் கேங்க் ஆள் தெய்வசிகாமணி பார்த்துவிட்டான். நல்லவேளை. மருதாசலம் நூலைத் திட்டினார். நூல் கடைக்காரனைத் திட்டினார். கோட்டை அழித்து மறுபடி போட்டார்கள். அன்றைக்கு ஷிப்ட் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். 

கார்த்திகை மாதம் வருஷாந்திர மெடிக்கல் என்று நோட்டீஸ் போட்டார்கள். மருதாசலம் அசரவில்லை. இல்லாத காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குகிற சாக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனார். கண் சோதிக்கிற அறை திறந்திருந்தது. ஆள் இல்லை. உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகைக்கு முத்தம் கொடுக்கிற தூரத்தில் நின்று, நாலு வரியையும் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். பிறகு குளிக்கும்போது ஒரு தடவை, சைக்கிளில் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை பாராயணம்.

"ட. ப, ம. ய, ர, ச. க, வ, ல, ந."

"ஏனுங்க," என்றாள் பொன்னம்மாள். "என்னமோ மொணமொணங்கறீங்களே, என்னதுங்க அது?"

"மந்திரம் புள்ள. முருகன் மந்திரம்."

"முருகனுக்கு ட-னாவுல ஆரம்பிக்கற மந்திரமுங்களா?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச மந்திரம் சொன்னா சாமி எதுக்குத் திரும்பிப் பாக்குது?"

"அதுஞ் சரித்தானுங்க," என்று அவள் ரசச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். மருதாசலம் ஊற்றிக்கொண்ட ரசம் தட்டைத் தாண்டி மேஜையில் விழுந்தது. தட்டைத் தள்ளி வைத்திருந்ததை மறந்துபோனதாகச் சொன்னார். அவளும் துடைத்துவிட்டுப் போனாள்.

பொன்னம்மாள் கெட்டிக்காரி இல்லை என்பது மருதாசலத்தின் இருபத்தைந்து வருஷத்து அபிப்பிராயம். திருப்பூரில் பனியன் தைக்கிற குடும்பத்துப் பெண். அஞ்சாம் வகுப்பு. ஒரே மகளைப் பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஆகவே ஏமாற்ற வேண்டிய ஆள் ஒருத்திதான், அதுவும் சுலபமான ஆள் என்று அவர் கணக்குப் போட்டார்.

இந்த நேரத்தில்தான் பக்கத்து குவார்ட்டர்ஸ் தெய்வசிகாமணி ஒரு மூட்டையோடு வந்தான். காடாம்புலியூர்க்காரன். 

"அண்ணே, வர்ற ஞாயித்துக்கெழம சாமிக்கண்ணு பேருல வாலிபால் மேட்ச் வெச்சிக்கினு இருக்கோம். பிளாக் கிரவுண்ட்ல. நம்ம கேங்கு ஆளுங்களுக்குப் பன்னண்டு பனியனு. அக்காவோட தம்பி திருப்பூருலேந்து அனுப்பிட்டாரு. நெஞ்சுல எழுத்து ஒட்டணும்."

"பெயின்ட்லயா?"

"பெயின்ட்டு ஒரு தொவையல்ல பூடும்ண்ணே. இது மெட்ராஸ்லேந்து வாங்கியாந்த ரப்பர் ஷீட்டு. பெயின்டர் குஞ்சிதபாதம் எழுத்து எழுத்தா வெட்டி, தாளு மேல வரிசையா ஒட்டிக் குடுத்துட்டாரு. பனியன் மேல கவுத்துப் போட்டு, இஸ்திரிப் பெட்டிய சூடா அமுக்குனா ஒட்டிக்கும். தாளை உரிச்சிட வேண்டியதுதான். சூடு, ரப்பரு, நேர்கோடு. இந்த மூணும் சேந்தா உங்கள உட்டா வேற யாருண்ணே இருக்காங்க?"

மருதாசலம் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். முடியாது என்றால் ஏன் என்று கேட்பான். அதோடு, ஒட்ட வேண்டிய எழுத்து 'சாமிக்கண்ணு நினைவுக் குழு'. பதினோரு வருஷம் நூல் பிடித்து, கடைசியில் இவர் கோட்டையும் நேராக்கினவன் பேரை இவர் நேராக ஒட்ட மாட்டேன் என்பதா?

"வெச்சுட்டுப் போ," என்றார்.

சாப்பாட்டு மேஜைமேல் கம்பளியை விரித்தார். சாக்பீஸ் நூல், எஃகு ஸ்கேல், தூக்குக்குண்டு, மட்டம் பார்க்கிற ரசமட்டம் எல்லாவற்றையும் பரப்பினார். ஆபரேஷன் தியேட்டர் மாதிரி ஆகிவிட்டது. பொன்னம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள்.

"ஏனுங்க, இதுக்கு இத்தன சாமான் எதுக்குங்க? பனியன நெட்டுக்கு ரெண்டா மடிச்சு ஒரு தேய்ப்பு தேச்சா, நட்ட நடுவால ஒரு மடிப்பு உழுகும். அக்குளுக்கு அக்குள் குறுக்க ஒரு மடிப்பு. எழுத்துத் தாளையும் ரெண்டா மடிச்சு, மடிப்பு மேல மடிப்ப வெச்சா நேரா உக்காந்துக்குமுங்க. எங்கூட்ல அப்புடித்தான் சீல் அடிப்பாங்க."

"இது சேலைக் கொசுவம் இல்ல புள்ள. அலைன்மென்ட்."

"அது என்னங்க?"

"உனக்குப் புரியாதது."

அவள் கீரைக்குத் திரும்பினாள். மருதாசலம் நூலைப் பிடித்துச் சுண்டினார். வெள்ளைப் பனியன்மேல் வெள்ளைச் சாக்பீஸ் கோடு நல்ல கண்ணுக்கே தெரியாது என்பது அப்போது அவருக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வலது கண்ணால் குறி பார்த்து, தாளைக் கவிழ்த்து, பெட்டியை வைத்து அமுக்கினார். இருபது எண்ணினார். உரித்தார்.

"எப்புடி இருக்குது?"

பொன்னம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கோணலுங்க."

"எங்க கோணல்?"

"எடது பக்கம் எறங்கிக் கெடக்குதுங்க. பேரு மாடிப்படி எறங்கற மாதிரி."

"எழுத்து நேராத்தான் இருக்குது. பனியன்தான் கோணல். உன்ற தம்பி கழிச்சுப்போட்ட செகண்ட்ஸ் மாலு அனுப்பியிருக்கான்."

"எந்தம்பி ஏற்றுமதி மாலு அனுப்பியிருக்கான். வெள்ளக்காரன் போட்டுக்கற மாலு."

"வெள்ளக்காரன் தோளு கோணலா இருக்கும், அதுக்குத் தக்க வெட்டியிருப்பான்."

"வெள்ளக்காரன நீங்க எங்கீங்க பாத்தீங்க?"

"பெல்ட்டு மாட்ட வந்தானே ஜெர்மன்காரன். ஒரு தோளு எறங்கித்தான் இருந்துச்சு."

"அது நீங்க தலைய சாச்சுக்கிட்டுப் பாத்திருப்பீங்க," என்றாள் பொன்னம்மாள்.

மருதாசலம் சட்டென்று தலையை நிமிர்த்திக்கொண்டார்.  பொன்னம்மாள் அடுப்பில் கொதிக்கிற பருப்பைக் கிளறப் போனாள்.

இரண்டாவது பனியன். அதுவும் இடது பக்கம் இறங்கியது. இந்தத் தடவை குற்றம் மேஜைமேல் விழுந்தது. ஒரு கால் குட்டை என்றார். அவள் பழைய காலண்டர் அட்டையை மடித்துக் காலுக்கு அண்டை கொடுத்தாள். மூன்றாவதும் இறங்கியது. அண்டை அதிகமாகிவிட்டது என்றார். எடுத்தாள். நாலாவதும் அதே பக்கம், அதே அளவு இறங்கியது.

"நாலும் ஒரே மாதிரி சாயுதுங்களே," என்றாள் பொன்னம்மாள் மெதுவாக.

"அப்பப் பாரு, மேஜைதான். இரு, உனக்கு ருசுப்படுத்தறேன்."

ரசமட்டத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். குனிந்தார். கண்ணாடிக் குழாய்க்குள் பச்சையாக என்னவோ தெரிந்தது. நடுவில் நிற்க வேண்டிய குமிழியைக் காணோம். இன்னும் குனிந்தார், மூக்கு மரத்தில் இடித்தது. அப்போதும் பச்சைதான். ஆனால் இப்போது எழுந்து நின்று ஏதாவது சொல்லியாக வேண்டும். மேஜை கோணல் என்றால் எந்தப் பக்கம் என்று கேட்பாள். நேர் என்று சொல்லிவிட்டால் கேள்வியே இல்லை.

"மேஜை நேராத்தான் இருக்குது. குமிழி நட்ட நடுவுல நிக்குது பாரு."

பொன்னம்மாள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள்.  அவள் முகம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல்தான் இருந்தது, ரொம்ப நாளாக.

"ஆமாங்க," என்றாள். "நடுவுலதான் நிக்குதுங்க."

அன்றிலிருந்து பொன்னம்மாள் சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள்.

ஜெயித்துவிட்டோம் என்று மருதாசலம் நினைத்தார். அடுத்த நாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தால் மேஜை திசை மாறியிருந்தது. சுவர்ப் பக்கத்து முனை ஜன்னலுக்கும் ஜன்னல் முனை சுவருக்கும் வந்திருந்தன.

"வெளிச்சத்துக்குங்க," என்றாள்.

அஞ்சாவது பனியனை அடித்துக் காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்தாள். "நேரா இருக்குதுங்க," என்றாள்.

ஆறாவது. "நேராங்க."

ஏழாவது. "இத விட நேரா யாரு ஒட்டுவாங்க?"

மருதாசலத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. கை தன்னால் பேசியது. பாதி வேலை கண்ணில் இல்லை, அனுபவத்தில் இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எட்டு, ஒன்பது, பத்து என்று போய், சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பன்னிரண்டையும் அடித்து அடுக்கிவிட்டார். மந்திரமும் தடையில்லாமல் வந்தது. ட. ப, ம. ய, ர, ச. பனியன்களைக் காயவைத்து, மடித்து, தெய்வசிகாமணி வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதாகப் பொன்னம்மாள் சொன்னாள்.

"நானே குடுத்துக்கறேன்."

"நீங்க எதுக்குங்க? களைச்சுப் போயிருப்பீங்க. கண்ணு வேற செவந்து கெடக்குது."

கண் என்று அவள் சொன்னதும் மருதாசலம் பனியனை விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பிளாக் மைதானத்தில் கூட்டம். மருதாசலத்துக்குப் பன்னிரண்டு வெள்ளைப் பூச்சிகள் பறப்பது தெரிந்தது. பந்து தெரியவில்லை. எல்லோரும் கைதட்டும்போது அவரும் கைதட்டினார். ஒவ்வொருத்தராக வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

"எழுத்து அச்சுல வார்த்தாப்ல உக்காந்திருக்குதே."

"பிரஸ் மாஸ்டர்னா சும்மாவா?"

சாமிக்கண்ணுவின் மனைவி மாரியம்மாளை முன் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மேட்ச் முடிந்ததும் அவள் ஒரு பையனை நிறுத்தி, அவன் நெஞ்சில் இருந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தாளாம். பிறகு மருதாசலத்திடம் வந்தாள்.

"இன்னா நேரா ஒட்டிக்கினு வந்திருக்கீங்கண்ணே. அவரு வூட்டுக்கு வந்தா உங்க கோட்டப் பத்திதான் பேசிக்கினு இருப்பாரு. அண்ணன் கோடு போட்டா கோடுதான்னு சொல்லுவாரு."

 செத்தும் சாமிக்கண்ணு மருதாசலத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. மாரியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டபோது, தான் ஒரு அயோக்கியன் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் பன்னிரண்டு பனியனும் நேராக வந்திருக்கிறதே. ஊரே சொல்கிறதே. அப்படியானால் கண் அவ்வளவு மோசமில்லை. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கண் நன்றாகவே தெரிகிறது என்கிற முடிவுக்கு வந்து, வாசல் கேட்டில் இடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மெடிக்கல். காலையில் குளித்து, விபூதி பூசி, மந்திரத்தை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு கிளம்பினார். பொன்னம்மாள் கோயிலுக்குப் போவதாகச் சொல்லி முன்னாலேயே புறப்பட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம், மூத்திரம், மூச்சு எல்லாவற்றிலும் பாஸ். கடைசியாகக் கண். எதிர்ப் பிளாக்கில் குடியிருக்கிற நர்ஸ் காந்திமதிதான் வாசலில் நின்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், மரியாதை தெரிந்தவள்.

"வாங்கண்ணாச்சி. இந்த ஸ்டூல்ல இருங்க. எதுத்தாப்ல பாத்துப் படிங்க."

மருதாசலம் பார்த்தார். நீளமான அறை. கடைசியில், சுவரோரத்தில், வெள்ளையாக ஒரு சதுரம். அதில் கறுப்பாகக் கொஞ்சம் ஈஷல். பலகை அதே இடத்தில் இருந்தது. முருகா என்று நினைத்துக்கொண்டார்.

"ட," என்றார் கம்பீரமாக. "ப, ம."

அடுத்த வரிக்குப் போனார்.

"ய, ர, ச. க, வ, ல, ந. போதுமா, கடைசி வரிக்குக் கீழ சின்னதா அச்சாபீஸ் பேரு இருக்குமே, அதையும் படிக்கட்டுமா?"

டாக்டர் எங்கேயோ பக்கத்திலிருந்து தொண்டையைச் செருமினார். "இன்னொரு தடவை படிங்க. நிதானமா."

"எத்தன தடவ வேணாலும் படிக்கறேனுங்க சார். ட. ப, ம. ய, ர..."

பலகை அசைந்தது.

காற்று என்று நினைத்தார். பலகை சுவரை விட்டு வந்தது. மருதாசலம் வாயைத் திறந்தபடி ச-வில் நின்றார். பலகை அவரை நோக்கி நடந்து வந்தது. கொலுசுச் சத்தம் கேட்டது. அது எந்தக் கொலுசு என்று அவருக்குத் தெரியும். மகள் கல்யாணத்துக்கு அவரே வாங்கிக் கொடுத்தது.

இரண்டு முழத் தூரத்துக்கு வந்தபோதுதான் பலகைக்கு மேலே ஒரு முகம் இருப்பது தெரிந்தது. பொன்னம்மாள். சேலைக்கு மேலே ஒரு வெள்ளைப் பனியன். அதன் நெஞ்சில் 'சாமிக்கண்ணு நினைவுக் குழு' மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தது.

"பலகையக் கழட்டி வெச்சுட்டோம்ண்ணாச்சி," என்றாள் காந்திமதி. "அன்னைக்கு நீங்க மூக்க வெச்சுத் தேச்சு எழுதிட்டுப் போனத மருந்து ரூம்ல இருந்து பாத்துட்டுதான் இருந்தேன். அக்காட்ட வந்து சொன்னேன்."

மருதாசலம் மனைவியின் நெஞ்சில் இருந்த எழுத்தைப் பார்த்தார். மூக்கருகில் வந்ததால் தெரிந்தது. சாமிக்கண்ணுவின் பேர் இடது பக்கம் சரிந்து கிடந்தது.

"இது ஒண்ணு மட்டுமா?" என்றார். குரல் சின்னதாக வந்தது.

"பன்னண்டுங்க. அத்தனையும் ஒரே பக்கந்தானுங்க. மேஜையத் திருப்பிப் போட்டுப் பாத்தேன், அப்பவும் உங்க எடது பக்கந்தான் எறங்குச்சு. பனியன் மேல குத்தமில்ல, மேஜை மேல குத்தமில்ல. குஞ்சிதபாதத்துக்கிட்டச் சொல்லி வேற எழுத்து வெட்டி வாங்கி, தம்பிக்குத் தந்தி அடிச்சு வேற பனியன் வரவழைச்சு, நீங்க ஷிப்டுக்குப் போனப்பறம் நான் மடிச்சு ஒட்டுனேனுங்க. நேத்து நீங்க கைதட்டுனது அதுக்குத்தான்."

"நடுவுல நிக்குதுன்னு நீயும் சொன்னியே புள்ள. குமிழி."

 பொன்னம்மாள் பனியனின் ஓரத்தை இழுத்து நேராக்கப் பார்த்தாள், அது நேராகவில்லை.

"குமிழி ஒரு ஓரத்துல போய் ஒட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. நீங்க நடுவுலங்கறீங்க. எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு. இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு பெல்ட்டு ஒட்டறீங்களே, அதுக்குக் கீழ நாளைக்கு தெய்வசிகாமணி நிப்பான், அவனுக்கு ரெண்டு கொழந்தைன்னு நெனச்சேன். நல்லவேளைக்கு இந்த வாரம் ஒட்டு வேல ஒண்ணும் வரலீங்க. அன்னைக்கு நான் சோறு உங்கலீங்க. அது உங்களுக்குத் தெரியாது. தட்டு வெறுந்தட்டா இருந்தா உங்களுக்கு எங்க தெரியுது?"

மருதாசலம் தரையைப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை.

டாக்டர் டார்ச்சை அடித்து இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். புரை என்றார். ஆபரேஷன் செய்தால் வலது கண் தெரியும், சோடா புட்டி மாதிரிக் கண்ணாடி போட வேண்டும். இடது கண்ணுக்குத் தான் வாக்குக் கொடுக்க மாட்டேன், ஒரு வருஷம் தாமதம் என்றார். ஆபரேஷன் ஆகிற வரைக்கும் பெல்ட் பக்கம் போகவே கூடாது. அதற்கப்புறம் நூலைப் பிடிக்கலாமா என்பதை அப்புறம்தான் சொல்ல முடியும். சொல்லிக்கொண்டே ஃபாரத்தில் எழுதினார். பேனா கீறுகிற சத்தம் மருதாசலத்துக்குத் துல்லியமாகக் கேட்டது.

எழுந்தார். வாசல் எந்தப் பக்கம் என்று ஒரு கணம் புரியவில்லை. அவருடைய கை தானாக முன்னால் நீண்டது. அவிநாசி வாசலில் நின்ற கை அது.  பொன்னம்மாள் அந்தக் கையைப் பிடித்துத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டு நடந்தாள். காரிடாரில் காத்திருந்தவர்கள், சேலைக்கு மேல் வாலிபால் பனியன் போட்ட ஒரு அம்மாளையும் பின்னால் வருகிற பிரஸ் மாஸ்டரையும் வாய் பிளந்து பார்த்தார்கள். அது அவருக்குத் தெரியாதது ஒரு வகையில் நல்லது.

கேட் வரைக்கும் அவள் பின்னாலேயே வந்தார். ஆனாலும் மருதாசலம் மருதாசலம்தான். இருபத்தாறு வருஷ சர்வீஸ். எங்காவது ஒரு இடத்திலாவது ஜெயித்தாக வேண்டும்.

"என்ன இருந்தாலும் புள்ள, நாலு வரியையும் ஒரு தடங்கல் இல்லாமப் படிச்சேனா இல்லையா?"

பொன்னம்மாள் நின்றாள். அவர் கை அவள் தோளில்தான் இருந்தது. தோள் லேசாகக் குலுங்குவது அவருக்குத் தெரிந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்கத் தெரியவில்லை.

"கலியாணம் ஆகி இருவத்தஞ்சு வருசத்துல, நீங்க என்னைய மேலயிருந்து கீழ வரைக்கும் நிதானமாப் பாத்தது இன்னைக்கு ஒரு நாளுதானுங்க," என்றாள். "அதுலயும் ஒரு எழுத்துக்கூட சரியில்லீங்க."